எந்த ஊரின் நண்பகல்

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு, கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் தேநீரோடு அமர்ந்திருந்தேன். அந்த மேசைதான் என் அலுவலகம். கணினியும் சோதனைக்கென்று வைத்திருக்கும் மூன்று பழைய தொலைபேசிகளும் அதன் ஒரு பாதியில் இருக்கும். மறுபாதியில் சாப்பிடுவோம்.

பதினோரு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் பிறருக்காகச் செயலிகள் எழுதிவிட்டு, இனிச் சொந்தமாக எழுதுவதென்று வெளியே வந்தவள் நான். முதலில் எழுதியது, யாருக்கு எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தோம் என்று குறித்துவைக்கும் செயலி. அதை உலகில் ஒருத்திதான் தவறாமல் பயன்படுத்தினாள், இன்றும் பயன்படுத்துகிறாள், அவள் நான்தான். இரண்டாவது, பஞ்சாங்கச் செயலி. அதுதான் எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தது.

பஞ்சாங்கத்துக்கும் பருவங்கள் உண்டு. தைப்பொங்கலுக்கு முன்னும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் ஆயிரக்கணக்கானோர் அதைத் தேடி வருவார்கள். கந்தசஷ்டிக்கு இன்னொரு கூட்டம் வரும். இடைப்பட்ட மாதங்களில் செயலி யாரும் ஏறி இறங்காத படிக்கட்டாகக் கிடக்கும். தொலைபேசி செய்யும் நிறுவனங்கள் தம் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் எனக்கு வேலை வரும். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ‘ஏகாதசி’ என்ற சொல் பாதி திரைக்கு வெளியே நின்றது. நிறுவனத்தில் இருந்தபோது எழுதுபவர் ஒருவர், சோதிப்பவர் ஒருவர், வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குபவர் ஒருவர். இங்கே மூவரும் நான்.

ஆயினும் கணிதத்தில் எனக்குத் துணை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில், வரும் ஆண்டின் திதிகளையும் விரதநாட்களையும் அச்சிட்டெடுத்துக்கொண்டு, பேருந்தில் புறக்கோட்டை போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடப்பேன். அங்கே ஒரு கோயிலில் பூசை செய்யும் ஐயர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நெற்றியில் விபூதியும் தலையில் ஹெல்மெட்டுமாக ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறவர். என் தாள்களை அச்சுப் பஞ்சாங்கத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுச் சிவப்புப் பேனையால் சரி போடுவார். “அக்கா, உங்கட மெசின் என்ர வேலையைப் பறிக்கப்போகுது. அதுக்கு நானே கையெழுத்துப் போடுறன்” என்று ஒவ்வோர் ஆண்டும் அதே பகிடியைச் சொல்வார்.

அந்தச் செயலியில் எனக்கு மிகவும் பெருமையான பகுதி எதுவென்றால், அது யாரிடமும் ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று கேட்காது என்பது. வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று பொலிசுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டியிருந்த போர்க்காலத்தில் இதே வெள்ளவத்தையில் வளர்ந்தவள் நான். என் அழகான கையெழுத்துக்காக அந்தப் படிவங்களை வீட்டில் என்னிடமே தருவார்கள். எனவே, நான் எழுதும் ஒரு பொருள் இன்னொருவரின் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்பதை நான் விரும்பவில்லை. திதியைக் கணிக்க இடம் தெரியவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தொலைபேசியிலும் ஒரு நேரம் ஓடுகிறது. அது எந்த நாட்டு நேரம் என்று பார்த்தாலே ஆள் எங்கே இருக்கிறார் என்று ஊகித்துவிடலாம். லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும், ஒன்றும் கேட்காமலே நாங்கள் இருக்கும் ஊர்த் திதியைச் சரியாகக் காட்டுகிறதே என்று எழுதினார்கள். அந்தக் கடிதங்களை நான் அழிக்கவில்லை.

அன்று மாலை வந்த கருத்து இது. ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே, தமிழில், பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தது:

“நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் கணவரின் மூன்றாவது ஆண்டுத் திவசத்துக்கு இந்த அப் ஒரு நாள் முந்திய திகதியைக் காட்டிவிட்டது. சமைத்துப் படைத்தும் முடிந்துவிட்டது. யாரும் இதை நம்ப வேண்டாம்.”

தேநீரை வைத்துவிட்டு என் மூன்று தொலைபேசிகளிலும் பார்த்தேன். இன்று அட்டமி; நாளை நவமி. அச்சுப் பஞ்சாங்கமும் அதையே சொன்னது. முதலில் எனக்குத் தோன்றியது நிம்மதி என்பதை மறைக்க விரும்பவில்லை. இறந்த நாளைப் பதிந்தால் செயலி ஒவ்வோர் ஆண்டும் திவசத் திகதியைக் காட்டும்; கணவர் இறந்த நாளை அந்த அம்மா பிழையாகப் பதிந்திருப்பார் என்று நினைத்தேன். கருத்துக்குக் கீழே என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு, அழைக்கும்படி பணிவாக எழுதினேன். பத்து நிமிடத்துக்குள் அழைப்பு வந்தது.

“நீங்களோ இதைச் செய்தது?”

“ஓம் அம்மா. நான்தான்.”

“நீங்களெண்டால், கொம்பனியோ?”

“கொம்பனி இல்லை. நான் ஒரு ஆள்தான்.”

“ஒரு ஆளோ. அப்ப ஆரிட்ட முறையிடுறது?”

“என்னட்டத்தான். நீங்கள் பதிஞ்ச நாளை ஒருக்காச் சொல்லுவீங்களோ? சிலவேளை அதில...”

“பிள்ளை, என்ர மனுசன் செத்த நாள் எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ?”

நானும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன், வந்து தொலைபேசியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மறுமுனையில் குழாயில் தண்ணீர் ஓடும் ஒலி கேட்டது. பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார் போலும். பிறகு, “வாரும்” என்றார்.

காலி வீதி என்னும் பெருந்தெருவைக் கடந்து, கடற்பக்கம் இறங்கும் இன்னோர் ஒழுங்கை. இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க, நிமிர்ந்து நிற்கும் பெண்மணி. வரவேற்பறையில் கணவரின் படத்துக்கு முன்னால் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சாம்பிராணி வாசனையும் வறுத்த வாழைக்காய் வாசனையும் சேர்ந்து நின்றன. என்னை மேலும் கீழும் பார்த்து, “சின்னப் பிள்ளை ஒண்டு வருமெண்டு நினைச்சன்” என்றார். “இருங்கோ” என்றும் சொன்னார்.

நடந்தது இதுதான். அவருடைய ஒரே மகன் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறான். செயலி செவ்வாய் என்று காட்டியதைப் பார்த்து, அவர் இரண்டு நாட்களுக்கு முன்பே அவனுக்குச் சொல்லிவிட்டார். இன்று நண்பகலில் இலை போட்டு, படைத்து, அதைத் தொலைபேசி வழியாக அவனுக்குக் காட்டியிருக்கிறார். அங்கே அப்போது அதிகாலை இரண்டரை. அவன் அதற்காகவே எழுந்து, மனைவியையும் எழுப்பிக் கும்பிட்டிருக்கிறான். பின்னர் சோற்றையும் கறிகளையும் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கீழ்வீட்டுக்காரி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்து, “இண்டைக்கு அட்டமியெல்லோ அக்கா? அவரின்ர திதி நவமியெண்டுதானே சொன்னனீங்கள்?” என்று கேட்டிருக்கிறாள்.

“அவள் கேட்டோண்ண ஓடிவந்து போனைத் திரும்பப் பாத்தனான்” என்றார். “மூண்டு வருசத்தில அவருக்கு நான் செய்யிறது இது ஒண்டுதான். பெடியன் அங்க, ஐயரைக் கூப்பிட்டுச் செய்ய ஆள் இல்லை. நான் சமைச்சு வைக்கிறன், அவர் வந்து சாப்பிடுறார் எண்டு நினைக்கிறன். இண்டைக்கு ஆர் வந்தது, சொல்லும்?”

“போன வருசம் சரியாக் காட்டினதோ, அன்ரி?”

“போன வருசம் சரி. அதுதானே நம்பினனான்.”

தொலைபேசியை நீட்டினார். இறந்த நாளும் நேரமும் சரியாகவே பதியப்பட்டிருந்தன. செயலியின் திரையில் நவமி செவ்வாய்க்கிழமையில் நின்றது. என் கண் தற்செயலாகத் திரையின் மேல் மூலைக்குப் போனது. ஏழு ஐம்பது என்றிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் ஐந்து இருபது.

“அன்ரி, உங்கட போனில நேரம்...”

“அது ரொறன்ரோ” என்றார், மிகச் சாதாரணமாக. “பெடியன் போகேக்க நான்தான் மாத்தித் தரச்சொன்னனான். அவன் எழும்பிட்டானோ, வேலையால வந்திட்டானோ எண்டு ஒவ்வொருக்காலும் ஒன்பதரை மணித்தியாலம் கழிச்சுப் பாக்க ஏலுமே? கொழும்பு நேரத்துக்குச் சுவரில மணிக்கூடு இருக்குத்தானே. கீழ்வீட்டுக்காரியின்ர போன் மெல்போர்ன்.”

மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் திதி, எங்கள் நேரப்படி, அன்று மாலை ஏழு மணியளவில் தொடங்கி மறுநாள் மாலை வரை நிற்கிறது. எந்த நாளின் நண்பகலில் திதி நிற்கிறதோ அந்த நாளில் திவசம் செய்வது வழக்கம். கொழும்பின் நண்பகலில் அது புதன். ரொறன்ரோவின் நண்பகலில் அது செவ்வாய். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு ஊரும் ஒரே நாளில் ஒத்துப்போகும். இந்த ஆண்டு ஒத்துப்போகவில்லை. செயலி ரொறன்ரோவுக்குச் சரியாகத்தான் கணித்திருந்தது. அந்தப் பெண்மணி ரொறன்ரோவில் இல்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதைத் தாளில் இரண்டு கோடுகள் வரைந்து விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அப்ப பிழை என்ரையோ? நேரத்தை மாத்தி வைச்சது?”

‘ஓம்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நிறுவனத்தில் இருந்த காலத்தில் அதை நாகரிகமாகச் சொல்வதற்கென்றே வாக்கியங்கள் வைத்திருந்தோம். ஆனால் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அந்த ஊர் நேரத்தைக் கையில் வைத்திருக்கும் தாய்மார் இந்த ஒழுங்கைகளில் எத்தனை பேர் என்பதை வேறு எவரும் அறியாமல் இருக்கலாம். இங்கேயே வளர்ந்த நான் அறியாமல் இருந்திருக்கக் கூடாது.

“இல்லை அன்ரி. பிழை என்னுடையது. எந்த ஊர் எண்டு நான் உங்களைக் கேட்டிருக்க வேணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பிழை ஆரின்ரயெண்டாலும், அவரின்ர திவசம் பிழைச்சது பிழைச்சதுதானே.”

அங்கிருந்தே கொட்டாஞ்சேனை ஐயரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னதும், ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். அந்த அம்மாவும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினேன்.

“அம்மா, நாளைக்கு நவமி. நாளைக்குத் திரும்பச் செய்யுங்கோ. ஒரு குறையும் இல்லை.”

“அப்ப இண்டைக்குப் படைச்சது, ஐயா?”

“இண்டைக்கு அன்பில போட்ட சாப்பாடு. ஆர் வேண்டாமெண்டது?” பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் கேட்டார்: “மகன் கனடாவில எல்லோ? அங்க இண்டைக்குத்தானே திதி. அவரை இண்டைக்கு மத்தியானம், அவரின்ர ஊர் மத்தியானம், ஒரு விளக்கு ஏத்தி எள்ளுந் தண்ணியும் விடச்சொல்லுங்கோ. பிள்ளைக்கு இண்டைக்கு, உங்களுக்கு நாளைக்கு.”

மூன்று ஆண்டுகளாக மகன், தாய் செய்வதைத் திரையில் பார்த்துக் கும்பிட்டானே தவிர, தானாக எதுவும் செய்ததில்லை. அவனுடைய ஊருக்கென்று ஒரு திதி இருக்கக்கூடும் என்று தாயும் நினைக்கவில்லை, மகனும் நினைக்கவில்லை. அந்த அம்மா தன் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி நேரத்தைப் பார்த்தார். “எட்டு அஞ்சு. வேலைக்கு வெளிக்கிட்டிருக்க மாட்டான்” என்று சொல்லி அழைத்தார். நான் பல்கனிக்குப் போய் நின்றேன். உள்ளே அவர் குரல் மெதுவாகக் கேட்டது: “இல்லையடா, நான் பாத்துச் சொல்ல மாட்டன். நீயே செய்யோணும். எள்ளு இருக்கோ வீட்டில? இல்லாட்டி வாங்கு.”

மறுநாள் காலை அவரோடு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனேன். வாழையிலையும் பூசணியும் வாழைக்காயும் நானே தூக்கிவந்தேன். விலை பேசும்போது அவர் சிங்களத்திலும், என்னைக் கண்டிக்கும்போது தமிழிலும் பேசினார். நண்பகலில், சுவர்க்கடிகாரத்தின் நண்பகலில், இலை போட்டார். மகன் இம்முறை எழுந்திருக்கவில்லை. தாய் எழுப்பவும் இல்லை. அவன் முதல்நாள் அனுப்பிய ஒரு படம் மட்டும் அவர் தொலைபேசியில் இருந்தது: சமையலறை மேசையில் தகப்பனின் படம், ஒரு சிறு மெழுகுவர்த்தி, பீங்கான் கோப்பையில் தண்ணீர். “விளக்கு இல்லையாம்” என்றார், குறையாகவும் இல்லாமல் நிறைவாகவும் இல்லாமல்.

அன்று பிற்பகல் வீடு திரும்பி, செயலிக்கு ஒரு புதிய முதற்பக்கம் எழுதத் தொடங்கினேன். நிரல் எளிது, ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கேள்வியின் சொற்களுக்குத்தான் மூன்று நாட்கள் எடுத்தன. ‘உங்கள் இருப்பிடம்’ என்று எழுதினேன். படிவம் போலிருந்தது, அழித்தேன். ‘நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்’ என்பதையும் அழித்தேன். கடைசியில் நின்றது இது: ‘எந்த ஊரின் நண்பகலை வைத்துக் கணிக்கட்டும்?’ ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களைத் தெரிவுசெய்யலாம் என்றும் சேர்த்தேன்.

அது வெளியான வாரத்தில் சிலர் எரிச்சலோடு எழுதினார்கள்: முன்பு ஒன்றும் கேட்காமல் இருந்ததே, இப்போது எதற்கு இந்த விசாரணை? ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். அந்த அம்மாவின் கருத்தும் மாறியிருந்தது. பழைய வரிகளை அவர் நீக்கவில்லை; ஒரு நட்சத்திரம் மட்டும் மூன்றாகியிருந்தது. அழைத்து நன்றி சொன்னபோது, மிச்சம் இரண்டும் எப்போது வரும் என்று பகிடியாகக் கேட்டேன்.

“ரெண்டு நாளும் வாழைக்காய் சீவினது ஆர்? நீரோ?” என்றார். பிறகு, கொழும்பையும் ரொறன்ரோவையும் பதிந்துவிட்டதாகவும், அடுத்த ஆண்டு இரண்டும் ஒரே நாளில் வருவதாகவும் சொன்னார்.

“ஊரைக் கேக்கிறது உங்களுக்குக் கரைச்சலாத் தெரியேல்லையோ, அன்ரி?”

“எதுக்குக் கேக்கிறதெண்டு தெரிஞ்சால் சொல்லுறதுக்கென்ன” என்றார். “சரி, வையும். அவன் எழும்புற நேரம்.”