சொல்லச் சொன்னது நான்தான்

கள்ளக்குறிச்சியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, காசநோய்க்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்து வருவது. சமூகப் பணியில் பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்தேன். சின்ன ஆஸ்பத்திரி அது. இரண்டு டாக்டர், பத்துப் பன்னிரண்டு கட்டில். வாரத்தில் இரண்டு நாள் வெள்ளிமலைக்கு ஏறி, அங்கிருந்து ஊர் ஊராக நடப்பேன். மலையில் எல்லோரும் என்னை நர்சம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இன்று மனக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை தருகிறேன். அந்த வேலைக்குப் பிள்ளைகளைப் பழக்கவும் செய்கிறேன். இந்தப் பக்கம் எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் படித்த படிப்புகளை வரிசையாகச் சொல்வேன். அவையெல்லாம் பிறகு வந்தவை.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். எங்கள் வீடு எலவனாசூர்கோட்டைப் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். என் அண்ணன் போராட்டத்தில் முன்னால் நின்றான். அவன் கேட்டதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பெண் நான். அதற்காக நான் பட்ட பாட்டை எனக்குப் பின்னால் வருகிறவர்கள் படக் கூடாது என்றுதான் நினைத்தேன். சாலைகளை மறிப்பதென்று முடிவானதும் ஓரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளினார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. நான் ஊருக்குப் போக முடியாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன்.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். புடவை முழுக்கப் புழுதி. முழங்கை இரண்டிலும் மரப்பட்டை சிராய்த்த ரத்தம். தோளில் ஆறு வயதுப் பெண் குழந்தை. "வந்துட்டோம் பாரு, ஆஸ்பத்திரி வந்துட்டோம் பாரு" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே நடந்து வந்தாள். ஓடிப்போய்க் குழந்தையைக் கையில் வாங்கியது நான்தான். வாங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தலை என் கையில் விழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

சாமைக் காட்டில் விரியன் கடித்திருந்தது. புருஷன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அக்கம்பக்கத்தார் ஜீப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மலை இறங்கி கச்சிராயபாளையம் தாண்டியதும் முதல் மரம். ஜீப் அதோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒற்றை ஆளாக நடந்திருக்கிறாள். டாக்டர் குழந்தையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்று என்னிடம் மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். அப்படியென்றால் கடைசி இரண்டு மூன்று மைல் அவள் பேசிக்கொண்டு வந்தது யாரிடம் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் மலையிலிருந்து உறவுக்காரர்கள் நடந்தே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளும் அதே ரோட்டில் அதே மரங்களைத் தாண்டித்தான் திரும்ப வேண்டியிருந்தது. நான் கூடப் போயிருக்கலாம். ரிஜிஸ்டர் எழுத வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

மரங்களை அகற்றி, பஸ் ஓடத் தொடங்கி, ஒரு மாதம் கழித்து மாத்திரைப் பையோடு மலையேறினேன். அவள் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். புருஷன் வந்துவிட்டிருந்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோடும் பேசுவதில்லை, தூங்குவதில்லை என்று அவன் சொன்னான். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. துக்கத்தை வாய்விட்டுச் சொன்னால் இறங்கிவிடும் என்று காலேஜில் படித்திருந்தேன். மூன்று வரிதான் படித்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"மனசுலயே வெச்சிக்காதீங்கக்கா. அன்னிக்கு நடந்தத மொதல்லேர்ந்து சொல்லுங்க. சொன்னா பாரம் கம்மியாவும்."

"இன்னாத்த சொல்றது" என்றாள்.

"எல்லாத்தையும் சொல்லுங்க."

மெதுவாகத் தொடங்கினாள். முதல் மரம். ஜீப்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியது. இரண்டாவது மரத்தில் மறியலுக்கு நின்ற ஆட்களே பிள்ளையை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தது. "ரெண்டு வாய் குடிச்சா" என்றாள். மூன்றாவது மரத்தருகே ஆள் யாரும் இல்லை. "கெளைய புடிச்சி ஏறிக்கினு இருந்தன். எறக்கி வுடும்மா, நான் நடக்கறேன்னா."

அதோடு நிறுத்தினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மூச்சு வாங்கியதையும் பார்த்தேன். நல்லது நடக்கிறது, வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றேன்.

அவள் எழுந்தாள். இரண்டு கையையும் தோளோடு சேர்த்துப் பிள்ளையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டி நடந்தாள். "வந்துட்டோம் பாரு" என்று சொல்லத் தொடங்கினாள். ரோட்டுத் திருப்பத்தில் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். நாலு பேர் பிடித்தும் திமிறினாள். கூட்டி வந்து படுக்க வைத்த பிறகு புருஷன் என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை.

"மூணு நாளாத்தான் கஞ்சி குடிச்சிக்கினு இருந்தா. எதுக்கு கேட்ட நீ? இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராத."

அதன் பிறகு பல மாதம் அவளைக் கட்டிவைத்ததுபோலக் காவல் காத்தார்கள் என்று மாத்திரை வாங்குகிறவர்கள் சொல்லக் கேட்டேன்.

ஊருக்குப் போனபோது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நாங்க வெட்டுனது இந்தப் பக்கத்து ரோடு பாப்பா. அது எங்க மரம் இல்ல" என்றான்.

"நான் உன்னச் சொல்லலண்ணா."

"தெரியும்" என்றான். தட்டில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அதைப் பற்றி நாங்கள் பிறகு எப்போதும் பேசவில்லை. என் மேல்தான் எனக்குக் கோபம். மரத்தை வெட்டியவர்களுக்கு ஜீப் வரும் என்று தெரியாது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

வேலையை விட்டேன். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவில் சேர்ந்து முதலிலிருந்து படித்தேன். தீக்காயம் பட்ட பெண்கள், விபத்தில் ஆள் செத்த பிறகு ஸ்டியரிங்கைத் தொட முடியாத டிரைவர்கள் என்று நிறையப் பேரோடு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததைச் சொல்ல வைப்பதற்கு முன்னால் சொல்கிறவர் இப்போது இந்த அறையில் பத்திரமாக இருக்கிறோம் என்று உணர வேண்டும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்; அந்த ஆள் நிறுத்துகிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும். இதை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்கிறேன். எங்கே கற்றேன் என்பதையும் சொல்கிறேன். முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் யாரிடமோ "அப்புறம்" என்று கேட்டிருக்கிறாள் என்று புரிந்துகொள்வேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வெள்ளிமலைக்குக் கூப்பிட்டார்கள். முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். புருஷனுக்கு நரைத்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டு, ஒரு கணம் நின்று, "வா" என்றான். அவள் வாசலில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பிறந்த பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடுக்காயைப் பரப்பினேன். எதையும் கேட்கவில்லை.

அவள்தான் கேட்டாள். "நர்சம்மா, அன்னிக்கு நீ கையில வாங்கினப்ப, புள்ள ஒடம்பு சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா" என்றேன்.

"அப்ப, ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் இருந்தா" என்றாள்.

உடம்பு சூடாக இருந்தது உண்மை. அவள் மார்போடு சேர்த்துத் தூக்கி வந்த சூடு, மத்தியான வெயிலின் சூடு. டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு பதில் சொல்கிறேன்.

பஸ் நிறுத்தம் வரை புருஷன் கூட வந்தான். அன்றைக்குப் பிறகு அவள் அந்த ரோட்டில் ஒருமுறைகூட இறங்கவில்லை என்றான். கல்யாணம், சாவு எதற்கும் போனதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் கடிதம் வந்தது. பையன் எழுதியிருந்தான். அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் முற்றியிருக்கிறது. ஜீப் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஏறவே மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டிலேயே உயிர் போயிருக்கிறது.

வருகிறேன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனேன். புருஷன் கட்டிலில் இடம் விட்டு உட்கார்ந்தான். இந்த வருஷம் சாமை சரியில்லை என்றான். மழை ஜாஸ்தி என்றான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையன் வந்து சொன்னான். புருஷன் இன்னும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், நான் எழுந்திருக்கவில்லை.