ஏவிஸ் இறக்கிய கற்கள்

நார்ஃபோக்கில் ஹால்ஸ்பி ஊரார் பெந்தெகொஸ்தே திருநாளன்று தேவாலயக் கூடத்திலேயே கூடிக் குடிப்பார்கள். ஏவிஸ் தர்க்கெட்டில் என்பவள் காய்ச்சிய பார்லி மது. விற்ற காசு கோயிலுக்கு, கட்டிக்கொண்டிருக்கும் மணிக்கோபுரத்துக்கு. பீடப்பகுதியைப் பாதிரியார் பார்த்துக்கொள்வார். சனங்கள் நிற்கும் கூடமும் கோபுரமும் ஊரின் பொறுப்பு. சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்பும் இருந்தால் போதுமா, என் அண்டா இல்லாமல் இந்தக் கோபுரம் ஏது என்பாள் ஏவிஸ். யாரும் மறுத்ததில்லை. கட்டட வேலையை மேற்பார்க்கும் பொறுப்பையும் விதவையான அவளிடமே ஊர் கொடுத்திருந்தது.

பக்கத்து வென்ஸ்டாஃப்ட்டின் கோபுரம் சற்றே உயரம். அந்த ஊர் மாவு மில்காரன் ராஃப் சந்தையில் அவளைப் பார்த்தால் விடமாட்டான்.

"உங்க கோபுரத்து உச்சியில ஏறினா எங்க கூரைப் புறாவோட கால் தெரியுமாமே?"

செப்டம்பர் இறுதியில் மிக்கேல் திருநாள் கழிந்ததும் கொத்தனார் ஹேமன் கரண்டியைக் கழுவினார்.

"போதும்மா. இனிமே உறைபனி. சுவர் தலையில வைக்கோலும் சாணமும் போட்டு மூடிட்டு வசந்தத்துல வர்றேன்."

"இன்னும் ஓர் ஆள் உயரம், கொத்தனாரே. வென்ஸ்டாஃப்ட்டைத் தாண்டிடுவோம்."

"ஈரச் சாந்தைப் பனி தின்னுடும்."

"வெயில் எப்படி அடிக்குது பாருங்க. கெட்டுப்போனா பழி என் தலைமேல."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். கோபுரம் தாண்டியது. ஊரே கும்மாளமிட்டது. சாந்து இறுகும் முன்பே பனி விழுந்தது.

வசந்தத்தில் வைக்கோலை விலக்கிய ஹேமன் ஓர் ஆணியால் கீறினார். சாந்து மாவாக உதிர்ந்தது.

கொல்லன் வாட் ஏவிஸின் காதருகே வந்தான். "வெளிப்பக்கம் புதுச் சாந்து பூசிட்டா யாருக்குக்கா தெரியும்? ராஃப் காதுல விழுந்தா நம்ம மானம் போயிடும்."

ஏவிஸ் அண்ணாந்து பார்த்தாள். அந்த உயரத்துக்காக எத்தனை பேச்சு வாங்கியிருந்தாள்!

"மேல மணி தொங்கும். கீழ நம்ம பிள்ளைங்க நிக்கும், வாட். கூடையை எடு."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறி, முதல் கல்லை அவளே பெயர்த்தாள். செய்தி பறந்தது. ராஃப் தன் ஊராரோடு வந்து சேர்ந்தான்.

"என்ன ஏவிஸ், உங்க கோபுரம் கீழ்நோக்கி வளருதா?"

"ஆமா ராஃப். நான் அவசரப்பட்டேன், அதனால இறக்குறேன். சும்மா நின்னா தொண்டை காயும். கல்லை வாங்கி அடுக்கு, மது தர்றேன்."

அவன் ஊராரே சிரித்துவிட்டார்கள். ராஃப் சட்டைக் கையைச் சுருட்டினான். எதிரி ஊர் மதுவானாலும் ஏவிஸின் மது அல்லவா.

கெட்டதை இறக்கி, கோடையில் ஹேமன் மறுபடி எழுப்பினார். புதுச் சாந்து வெளுத்து, கோபுரத்தைச் சுற்றிப் பட்டைபோலத் தெரிந்தது. கரி கலந்து மறைக்கட்டுமா என்று கேட்டார்.

"எதுக்கு? நல்ல சாந்துதானே, எல்லாரும் பாக்கட்டும்."

மணி முதன்முதலாக ஆடிய ஞாயிறன்று கோபுரம் அதிர்ந்தது. சனங்கள் கூடத்துச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். ஏவிஸ் மட்டும் மணிக்கு நேர் கீழே, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல் நின்றாள்.