பதினாறாவது ஆள்

1. ஒரு ஆள் குறைவு

அன்று பின்னேரம் நாலு ஐம்பதுக்கு என்னுடைய பட்டியலில் பதினைந்து பேர் இருந்தார்கள். பதினாறு பேர் வேண்டும். கூட்டம் ஆறு மணிக்கு.

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குக் கிட்ட உள்ள ஒரு அரச லிசேயில், அதாவது உயர்தரப் பாடசாலையில், அதிபரின் செயலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறேன். லிசேயின் நிர்வாக சபைக்கு அழைப்பு அனுப்புவது, கூட்டத்தில் குறிப்பெடுப்பது, பிறகு பே-வே எனப்படும் கூட்ட அறிக்கையை எழுதுவது எல்லாம் என் வேலை. சபையில் ஆசிரியர், பெற்றோர், மாணவர், நகரசபை ஆட்கள் என்று முப்பது பேர். அரைவாசிக்கு மேல் வராவிட்டால் கூட்டம் தொடங்க முடியாது. இந்த எண்ணிக்கைக்குக் கோரம் என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

கோரம் இல்லாவிட்டால் அடுத்த கிழமை திரும்பக் கூட்ட வேண்டும். அடுத்த கிழமை என் கணவருக்குப் பின்னேர வேலை. மூன்று வயது மகளைக் கிரெஷ் என்ற குழந்தைக் காப்பகத்தில் இருந்து எடுக்க ஆள் இல்லை. நான் தொலைபேசியை எடுத்ததற்குக் காரணம் அதுதான். கடமை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

பெற்றோர் பட்டியலின் கடைசியில் பதில் பிரதிநிதியாகச் சிவநேசன் அண்ணையின் பெயர் இருந்தது. வன்னியில் இருந்து வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். மகள் துளசி எங்களிடம் படிக்கிறாள். தேர்தல் நேரம் பெற்றோர் சங்கத்துக்குப் பெயர்கள் தேவைப்பட, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தவர்.

"அண்ணை, லிசேயில இருந்து கதைக்கிறன். ஆறு மணிக்குக் கூட்டம், ஒருக்கா வரவேணும்."

"இண்டைக்கோ? அடுப்படியில நிக்கிறன், பிள்ளை. முதலாளி என்னைத்தான் வெட்டிக் கறிவைப்பான். அங்கை வந்து எனக்கு என்ன விளங்கப் போகுது?"

"விளங்காட்டிப் பரவாயில்லை அண்ணை. வந்து இருந்தாக் காணும்."

"இருக்கிறதெண்டா வாறன். காலமை தொடங்கி நிண்டபடி."

சிரித்தார். நானும் சிரித்தேன். பட்டியலில் பதினாறு என்று எழுதினேன்.

2. மூன்று செக்கன்

வெளியில் இருப்பவர்கள் சபையில் பெரிய விவாதம் நடக்கும் என்று நினைப்பார்கள். வழமையான அலுவல்கள் மிக வேகமாகப் போகும். முந்திய பே-வேயை ஏற்பது, போட்டோகொப்பி மெஷினின் ஒப்பந்தம், ஒரு வகுப்பின் சுற்றுலா. ஒவ்வொன்றுக்கும் அதிபர் தாளில் இருந்து தலையை எடுக்காமலே கேட்பார்: "கி எ கோந்த்ர்?" யார் எதிர்ப்பு? "அப்ஸ்தன்சியோன்?" யார் வாக்களிக்கவில்லை? பிறகு "அடொப்தே." நிறைவேறியது. யார் ஆதரவு என்று கேட்பதே இல்லை. கை தூக்காதவர் ஆதரவு. மூன்று செக்கன்தான்.

ஐந்தாவது அலுவல் அப்படி இல்லை. அடுத்த வருடப் பாட மணித்தியாலங்களின் பங்கீடு. புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கிழமைக்கு நாலு மணித்தியாலம் மேலதிகப் பிரெஞ்சு இருந்தது. அதை எடுத்து விஞ்ஞானப் பாடத்துக்குக் கொடுப்பது அதிபரின் திட்டம். துளசி அந்த நாலு மணித்தியாலத்தில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தாதி வேலைக்குப் படிக்க ஆசை. அதற்குப் பொதுப் பிரிவில் நிற்க வேண்டும், நிற்பதற்குப் பிரெஞ்சு வேண்டும்.

ஆசிரியர்கள் முக்கால் மணித்தியாலம் எதிர்த்துப் பேசினார்கள். சிவநேசன் அண்ணை குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் மேசையின் கடைசியில் இருந்தார். பேசியவர்களின் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"கி எ கோந்த்ர்?"

எட்டுக் கைகள். நான் எண்ணினேன், திரும்ப எண்ணினேன். அண்ணை இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். தாடை இறுகியிருந்தது. அதிபருக்குப் பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். தமிழில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குறிப்பெடுப்பவர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. திறக்கவில்லை.

"எட்டு எதிர்ப்பு. அப்ஸ்தன்சியோன் இல்லை. எட்டு ஆதரவு. சமம் என்றால் தலைவரான என்னுடைய பக்கம் வெல்லும். அடொப்தே."

வாசலில் பிரெஞ்சு ஆசிரியை அண்ணைக்கு முன்னால் நின்று, "மெர்சி, மிசியே. மெர்சி பொக்கூ," என்றார். மிக்க நன்றி என்று குத்தல். அண்ணை நெஞ்சில் கை வைத்து, "து ரியன், மடாம்," என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று.

3. சந்தோசம்

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகிற வழியில் என்னுடைய கவுண்டருக்கு வந்தார்.

"பாத்தனீங்கள்தானே, பிள்ளை? அவ்வளவு நேரமும் பிள்ளையளுக்காகக் கத்தின வாத்திமார், கடைசியில கையைத் தூக்கிப்போட்டினம். விலைபோயிட்டினம். நான் தூக்கேல்லை."

எனக்கு உடனே பிடிபடவில்லை. "அதிபர் என்ன கேட்டவர் எண்டு விளங்கினதோ அண்ணை?"

"ஏன் விளங்காமல்? கி எ கோந்தோன்? ஆர் சந்தோசம் எண்டு கேட்டவர். எங்கட முதலாளி நாள் முழுக்கக் கேக்கிறதுதானே, 'கிளியோன் எ கோந்தோன்?' எண்டு, சாப்பிட வந்தவை சந்தோசமோ எண்டு. எனக்கென்ன சந்தோசம்? கையைத் தொடைக்குக் கீழ வைச்சிட்டன்."

கோந்த்ர் என்றால் எதிர்ப்பு. கோந்தோன் என்றால் சந்தோசம். அதிபர் கடைசி எழுத்துகளை விழுங்கிப் பேசுகிறவர். அண்ணைக்குச் சமையலறையில் கிடைத்த சொல் ஒன்று. அதை வைத்து, தான் மட்டும் எதிர்த்ததாக நினைத்திருக்கிறார். அவருடைய கை எழும்பியிருந்தால் ஒன்பதுக்கு ஏழு. நான் கூப்பிடாமல் விட்டிருந்தால் கூட்டமே இல்லை.

"ஓம் அண்ணை, பாத்தனான்," என்றேன்.

அவர் போனதும் அதிபரிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"மடாம், நான் கைகளைத்தான் எண்ண முடியும். முடிவை அறிவித்தாகிவிட்டது. தோற்றிருந்தாலும் இன்னொரு முறை வாக்குக்கு விடுவேன். அதிலும் தோற்றால் நானே முடிவெடுக்கலாம், விதி அப்படி."

விதி அப்படித்தான். ஆனால் முந்திய வருடம் ஒரு வாக்கெடுப்பில் தோற்ற பிறகு, இரண்டாம் முறைக்கு முன்னால் இவரே இரண்டு மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளை டைப் செய்தது நான். அதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது, அவர் எடுத்தார்.

4. ஒன்பது வரவேணும்

பே-வேயை எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். எதிர்ப்பு எட்டு. தகப்பனின் மின்னஞ்சலை வாசிப்பது மகள் என்பது எனக்குத் தெரியும். அனுப்பாமல் இருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து இடைவேளையில் துளசி வந்தாள். தாளை அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, பிரெஞ்சு மடாம் சொன்னவ, எட்டு வாத்திமார் எதிர்த்தவையாம். அப்பாவும் எதிர்த்தவர். அப்ப ஒன்பது வரவேணும். பிழையா எண்ணிப்போட்டீங்களோ?"

பின்னால் வேறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தகப்பனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஓம்," என்றேன். "நான்தான் பிழையா எண்ணிப்போட்டன்."

அவளுடைய முகம் விரிந்தது. "அப்ப திருத்தலாம்தானே அக்கா?"

அந்த முகத்தை நான் இனி மறக்கப் போவதில்லை. இரக்கம் என்று நினைத்துச் சொன்ன பொய்யால் அந்தப் பிள்ளைக்கு இல்லாத ஒரு நம்பிக்கையைக் கொடுத்தேன். அதை நானே திரும்பப் பிடுங்க வேண்டியிருந்தது. உள்ளே கூப்பிட்டு இருத்தி, இரண்டு சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். விரலால் தொட்டு இரண்டையும் வாசித்துப் பார்த்தாள்.

"எனக்கும் முதல் வருசம் ரெண்டும் ஒண்டாத்தான் கேட்டது," என்றாள். பிறகு, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

5. நான் கற்றுக்கொண்டது

இந்த வேலைக்கு வரப்போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கும், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துப் பிரதிநிதியாகப் போகிற பெற்றோருக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். யாரையும் எண்ணிக்கைக்காகக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் அங்கே என்ன கேட்பார்கள், எப்போது கை தூக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிடுங்கள். போகிறவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் புதிய பெற்றோருக்கு நான் அதைச் சொல்கிறேன். ஆதரவையும் கேட்கும்படி அதிபரிடம் சொன்னேன். இரண்டு கூட்டம் கேட்டார், பிறகு பழையபடி ஆகிவிட்டது.

துளசிக்கு இதால் ஒன்றும் இல்லை. நாலு மணித்தியாலம் போனது. வருட முடிவில் அவளைத் தொழிற்பிரிவுக்கு மாற்றச் சொன்ன முடிவும் என்னுடைய பிரிண்டரில் இருந்துதான் வந்தது. நான் அந்தப் பின்னேரம் வேறு ஒருவரைக் கூப்பிட்டிருந்தால், அல்லது மகளை எடுக்க யாரையாவது கேட்டிருந்தால் என்று இன்னும் கணக்குப் போடுகிறேன். எந்தக் கணக்கும் முடிவதில்லை.

போன மாதம் மகளோடு மரக்கறிக் கடைக்குப் போனேன். சிவநேசன் அண்ணை வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரல் உயர்ந்தது.

"இந்தா, நிண்டு பாத்தவ வாறா, கேட்டுப் பாருங்கோ. படிச்ச வாத்திமாரெல்லாம் கை தூக்கினவை. நான் ஒராள் தூக்கேல்லை. என்ன பிள்ளை?"

துளசி அவருக்குப் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை," என்றேன். "நீங்கள் ஒராள்தான்."