வாய்க்காலில் விழுந்த நாவல்

பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் பழைய புத்தகக் கடைக்காரர் மழையில் நனைந்த மாத நாவல்களைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த ஈரத்தாள் வாசனை என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப் போனது.

அன்று நடவு வயலிலிருந்து பசியோடு வந்த அப்பா, சோறு தீய்வதுகூடத் தெரியாமல் அம்மா காதல் நாவலில் மூழ்கியிருப்பதைப் பார்த்தார். புத்தகத்தைப் பிடுங்கி எதிரே ஓடிய வாய்க்காலில் எறிந்தார். அம்மா அதன் பின்னாலேயே குதித்துவிட்டாள். கழுத்தளவுத் தண்ணீர், நீச்சலும் தெரியாது. நான் கரையில் நின்று அலறினேன். அப்பாதான் குதித்து இழுத்து வந்தார்.

"ஒரு புக்குக்காக சாகப் பாத்தியே! நான் உனக்கு என்ன கொறை வச்சேன்?" என்றார் அப்பா.

"ஒரு கொறையும் இல்லைங்க. ஆனா ஆசையா நாலு வார்த்தை கேக்கணும்னா, எனக்கு அதுலதாங்க கிடைக்குது," என்று அம்மா தேம்பினாள்.

மறுநாள் அப்பா ஒரு புது நாவலை வாங்கி வந்து, பேசாமல் அடுப்படியில் வைத்தார். கடைசிவரை அவரால் முடிந்தது அதுதான்.

ஃபோன் அடித்தது. என் கணவர்.

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாண்டுலங்க."

வேறு ஏதாவது கேட்பார் என்று ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவர் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.