கௌபோயைக் கொல்லச் சொன்ன பதிப்பகம்

சரித்திரக் காதல் கதை எழுதுறது கதிரையில இருந்துகொண்டு செய்யிற சுகமான தொழில் எண்டு ஆராவது சொன்னால் நம்பாதேங்கோ. நாலு புத்தகம் எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயித்தில புண் வந்திட்டுது. உங்களில எத்தினை பேர் என்னை மாதிரி எழுத்தில மாட்டுப்பட்டு முழிக்கிறீங்களோ தெரியாது. அப்பிடி ஆரும் இருந்தால் கிட்ட வந்து இருங்கோ. என்ர பாட்டைக் கேட்டால் உங்கட பாடு பரவாயில்லை எண்டாவது தெரியும்.

மாட்டுப்பட்ட விதம்

எண்பதுகளின்ர கடைசிப் பக்கம். லண்டனில கிங்ஸ்பரியில இருந்தம். என்ர புருசன் இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில வேலை. எனக்குப் பக்கத்து லைப்ரரியில, இரவல் போற புத்தகத்துக்குத் திகதி குத்துற வேலை. அங்க வாற கிழவன்மார் கௌபோய் கதை எடுப்பினம், கிழவிமார் காதல் கதை எடுப்பினம். ரெண்டையும் ஒரு புத்தகத்துக்க போட்டால் ரெண்டு பகுதியும் எடுக்குமே எண்டு எனக்கு ஒரு விசர் யோசினை வந்தது. அமெரிக்காவைப் படத்திலதான் பாத்திருக்கிறன். குதிரையில ஏறினதில்லை, எங்கட வளவில நிண்டது மாடுகள்தான். இருந்தும் குசினி மேசையில டைப்ரைட்டரை வைச்சு, நூறு வருசத்துக்கு முந்தின வயோமிங்கில மாட்டுப்பண்ணை நடத்துற கேலப்பையும் அவன்ர காதலி ரூத்தையும் பற்றி இங்கிலிஷில எழுதி, லைப்ரரிகளுக்கெண்டே புத்தகம் போடுற ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினன்.

அங்க பதிப்பாசிரியரா இருந்த பொலின் எண்ட வெள்ளைக்காரி என்னை வரச்சொன்னா. என்ர பேரைப் பாத்தா, என்னைப் பாத்தா, திரும்பவும் பேரைப் பாத்தா. கடைசியாச் சொன்னா: "புத்தகத்தை எடுத்துக்கொள்கிறோம், தொடராகவே போடலாம். ஆனால் சிவகாமசுந்தரி என்ற பெயரோடு நீங்கள் வயோமிங்குக்குள் நுழைய முடியாது, இன்று முதல் நீங்கள் மேபல் ஹார்ட்."

வாசலில கழட்டின சப்பாத்து

முதல் புத்தகத்தின்ர பிரதி பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையோட திரும்பி வந்தது. என்ர இங்கிலிஷைப் பாத்துச் சிரிச்சிருக்கினம் எண்டு பதகளிச்சுப் போனன். அதில்லைப் பிரச்சினை. கேலப் துவக்கோட கள்ளரைத் துரத்திக்கொண்டு ஓடி வாறான், வந்து ரூத்தின்ர வீட்டு வாசலில நிண்டு சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போறான். ஒவ்வொருக்காலும் அப்பிடித்தான். கள்ளரும் கழட்டுறாங்கள். எழுதேக்க எனக்கு அது கண்ணிலயே படேல்ல. சப்பாத்தோட ஆர் வீட்டுக்குள்ள வருவினம்?

மற்றப் பிழை அதைவிடப் பெரிசு. என்ர கதையில ஆர் எங்க வெளிக்கிட்டாலும் "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லுவினம். அதை நான் அப்பிடியே இங்கிலிஷில போட்டிருந்தன். எங்கட வீட்டில வெளிக்கிடுற ஆள் வாய் தவறிப் "போறன்" எண்டு சொன்னால் அம்மா பிடிச்சு இருத்தி, ஒரு வாய் தண்ணி குடுத்து, சரியாச் சொல்லவைச்சுத்தான் அனுப்புவா. சப்பாத்துகளை எல்லாம் திருத்தினன். இதைத் திருத்த மட்டும் எனக்குக் கை வரேல்ல. பொலின் பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டு போனில கேட்டா: "தூக்குமேடைக்குப் போகிறவனும் போய்விட்டு வருகிறேன் என்கிறானே, அவன் எப்படித் திரும்பி வருவான்?"

மிஸ்டர் டிக்ஸன்

புத்தகம் நான் வேலை செய்யிற லைப்ரரிக்கே வந்து சேர்ந்தது. மேபல் ஹார்ட் ஆரெண்டு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. விடிய வேலைக்குப் போன உடன, கோட்டுக் கழட்ட முதல், புத்தகம் தட்டில இருக்கோ எண்டு பாப்பன். இருந்தால், ஐயோ, ஒருத்தரும் எடுக்கேல்லையே எண்டு கவலை. இல்லாட்டி, எடுத்த ஆள் என்ன சொல்லப்போகுதோ எண்டு கவலை. எழுதுற ஆக்களுக்கு இந்த ரெண்டும் இல்லாத ஒரு நாள் வந்திருக்கோ, சொல்லுங்கோ பாப்பம்.

மிஸ்டர் டிக்ஸன் எண்டு ஒரு கிழவர் வாறவர், கௌபோய் கதையைத் தவிர வேறொண்டும் தொடாத மனிசன். ஒரு நாள் என்ர புத்தகத்தைக் கொண்டுவந்து கவுண்டரில வைச்சார். சும்மா கேக்கிற மாதிரி, எப்பிடி இருந்தது எண்டு கேட்டன். மனிசன் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு யோசிச்சுது, எனக்கெண்டால் உயிர் போய் வந்தது. பேந்து சொல்லிச்சுது: "இதை எழுதினவள் பிறந்ததிலிருந்து ஒரு குதிரையைத் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் பால் கறந்திருக்கிறாள், அது நிச்சயம்."

தம்பி வெளிக்கிட்டது

மூண்டாவது புத்தகம் முடியிற நேரம் என்ர தம்பி குமரன், ஆக்களைக் களவா வெளிநாட்டுக்கு அனுப்புற ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பில இருந்து வெளிக்கிட்டான். லண்டன் வரைக்கும் கொண்டுவந்து விடுறதெண்டுதான் பேச்சு. மொஸ்கோவில இருந்து ஒருக்கா போன் எடுத்து, "அக்கா, சரியான குளிர்" எண்டான். அதோட லைன் அறுந்தது. அதுக்குப் பிறகு ஒரு சிலமனும் இல்லை, எங்க நிக்கிறான் எண்டே தெரியாது. ஏஜென்சிக்காரன்ர நம்பருக்கு அடிச்சால் அடிச்சுக்கொண்டே இருக்கும். எங்கட வீட்டுப் போன் அடிச்சால் விழுந்தடிச்சு ஓடுவன், அடிக்காட்டி எடுத்துக் காதில வைச்சுப் பாப்பன். அம்மா ஊரில இருந்து கடிதத்துக்கு மேல கடிதம் போடுறா, என்ன பதில் எழுதுறது?

அந்த அந்தரத்துக்குள்ளதான் பொலின் கூப்பிட்டா. நாலாவது புத்தகத்தில கேலப் சாகவேணுமாம். மூண்டு புத்தகமா அந்த ரெண்டு பேரும் காதலிச்சு, கலியாணம் கட்டி, சந்தோசமா இருந்து ஆக்களுக்கு அலுத்துப் போச்சாம். ரூத் விதவையானால்தான் ஐஞ்சாவதில ஊருக்குப் புதுசா வாற டொக்டர் அவளை விரும்பலாமாம். நான் வாய் திறக்க முதலே வழியும் சொல்லித் தந்தா: "பனிக்காலத்தில் மலையைக் கடக்கப் போகட்டும், திரும்பி வரவேண்டாம். வாசகர்கள் அழுவார்கள், அழுதால் அடுத்ததையும் எடுப்பார்கள்."

குதிரைக்கும் ஒண்டும் நடக்கக்கூடாது

இது எங்கட ஆக்களுக்கு விளங்கும். ஒரு ஆள் வழியில நிக்கேக்க வீட்டில இருக்கிற ஆக்கள் அபசகுனமா ஒரு சொல்லும் சொல்லமாட்டம். என்ர தம்பி எந்தப் பனிக்குள்ள நிக்கிறானோ தெரியாது, நான் இஞ்ச கிங்ஸ்பரியில ஹீட்டருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு ஒரு பெடியனைப் பனியில விறைச்சுச் சாகவிட்டு எழுதுறதோ? கேலப்பை மலையடி வரைக்கும் கொண்டுபோவன், எழும்பிப் போய் சாமிப்படத்துக்கு முன்னால நிப்பன். திரும்பி வந்து அந்தப் பக்கத்தைக் கிழிப்பன். படிச்சனான், வேலைக்குப் போறனான், இதெல்லாம் மூடநம்பிக்கை எண்டு எனக்கும் தெரியும். ஆனால் பயம். வேற ஒரு பேரும் வைக்க ஏலாது, பயம்தான்.

பயம் பிடிச்சால் லேசில விடாது பாருங்கோ. கேலப்பை மட்டும் காப்பாத்தினால் காணாது எண்டு பட்டது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிச்சுக்கொண்டு, கதையில ஆரும் சாகாமல் பாத்துக்கொண்டன். சுடுறவன் எல்லாருக்கும் குறி தப்பிச்சுது. அந்த ஊர்க் காவல் அதிகாரி ஷெரீபுக்கு வந்த சன்னிக் காய்ச்சலை மல்லித்தண்ணி குடுத்து மாத்தினன். கேலப்பின்ர குதிரை கால் முறிஞ்சு பனிக்குள்ள விழ, பக்கம் பக்கமா மருந்து கட்டி அதை எழுப்பி நடக்கவைச்சன். நான் எழுதினதை இவர்தான் முதல் வாசிக்கிறவர். அண்டைக்கு வேலையால வந்து, குதிரைக்கு மருந்து கட்டின பக்கங்களை வாசிச்சு முடிச்சார். பேந்து மெதுவாக் கேட்டார்: "இஞ்சேரும், கேலப்பை விடும், குதிரை செத்தால் தம்பிக்கு என்னப்பா வரப்போகுது?"

சாட்டுகள்

நாலாவது புத்தகம் குடுக்கவேண்டிய தவணை வந்தது, போனது. காய்ச்சல் எண்டு சொன்னன். டைப்ரைட்டர் பழுதெண்டு சொன்னன். லைப்ரரியில ஆள் காணாது, ஷிப்ட் கூட எண்டு சொன்னன். சொல்லுறதுக்குச் சாட்டு முடிஞ்ச பிறகு பொலின் என்னை ஒபிஸுக்குக் கூப்பிட்டா. ரெண்டு வழிதான் இருக்காம். கேலப் சாகவேணும், இல்லாட்டி நாலோட தொடர் முடிஞ்சுது.

எனக்கு அந்தத் தொடர் சும்மா விளையாட்டில்லை. நாள் முழுக்க மற்ற ஆக்கள் எழுதினதுக்குத் திகதி குத்துற எனக்கு, எனக்கெண்டு இந்த ஊரில இருந்தது அது ஒண்டுதான். அதுகும் போகப்போகுதெண்டு தெரிய அடக்க ஏலாமல் அழுதிட்டன். தம்பியைப் பற்றி, மொஸ்கோவைப் பற்றி, போட்டு வாறன் எண்டு ஏன் எல்லாரும் சொல்லுகினம் எண்டதைப் பற்றி எல்லாத்தையும் கொட்டினன். பொலின் நல்ல மனிசி. எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சா, கண்ணும் கலங்கிச்சுது. பேந்து சொன்னா: "உங்கள் தம்பிக்காக நான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் டொக்டருக்கு ஒரு விதவை வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை போன்

வீட்ட வந்து கேலப்பைக் குதிரையோட மலை தாண்டி வரப்பண்ணினன். ரூத் சுடச்சுடச் சாப்பாடு போட்டா. அந்தப் பிரதியை அப்பிடியே அனுப்பினன். சொன்ன மாதிரியே பொலின் அதைக் கடைசிப் புத்தகமாப் போட்டு முடிச்சா, டொக்டர் ஊருக்கு வராமலே போனார். எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் போச்சு: தொடரும் இல்லை, தம்பியின்ர சிலமனும் இல்லை. கேலப்பைக் காப்பாத்தினதால ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு எனக்குள்ள ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டு நிக்கேக்க போன் அடிச்சுது. மாக்கையோட எடுத்தன். குமரன். ஜெர்மனியில ஒரு அகதி முகாமில இருந்து கதைக்கிறான். கனநாளா ஒரு அறைக்குள்ள பூட்டி வைச்சிருந்தவங்களாம், போன் பக்கமே விடேல்லையாம், பிறகு காட்டுக்குள்ளால பனியில நடக்கவிட்டு எல்லை கடத்தினவங்களாம். கால் விரல் ரெண்டு மரத்துப்போச்சு, மற்றபடி சுகம் எண்டான். நான் குசினி நிலத்தில அப்பிடியே இருந்திட்டன். அழுதன், ஏசினன், திரும்பவும் அழுதன். உனக்காகத்தானடா கேலப்பைச் சாகவிடாமல் வைச்சிருந்தனான், தொடரே போச்சுது எண்டு முழுக்கதையும் சொன்னன். பேந்து கேட்டான்: "அக்கா, அவன் போற வழியில பொலிஸ் இல்லை, போர்டர் இல்லை, பாஸ்போட் கேக்க ஒருத்தரும் இல்லை, ஏறிப் போகக் குதிரையும் இருக்கு, அவன் ஏன் சாகப்போறான்?"

ஆளைச் சாகடிக்க மனம் வராத மனிசிக்குத் தொடர்கதை சரிவராது எண்டு விளங்கி, இப்ப நான் தமிழ்ப் பத்திரிகைக்குச் சமையல் குறிப்புத்தான் எழுதுறன், அதுவும் தனி மரக்கறி.