என் நாத்தனார் சட்டசபைக்குப் போன கதை

என் நாத்தனாருக்கு வீட்டில் ஒரு பெயர், வேலை செய்யும் இடத்தில் ஒரு பெயர். வீட்டில் பாப்பா. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, படிக்க மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகும் பாப்பாதான். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அப்படித்தான் கூப்பிடுவார். அவள் வேலை செய்யும் டாக்சி கம்பெனியில் அவளுக்குப் பெயர் கன்ட்ரோல். எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்வது அவள்தான். முதலாளிக்கே பயப்படாத டிரைவர்கள்கூட அவள் குரல் கேட்டால் சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்பது என் வீட்டுக்காரர் மண்டையில் மட்டும் ஏறவே இல்லை.

பாப்பாவுக்குப் பிறக்கும்போதே மூளையில் ஏதோ பாதிப்பு. கால் இரண்டும் நிற்காது, வலது கை அதன் இஷ்டத்துக்கு ஆடும், ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் மல்லுக்கட்டித்தான் வெளியே வரும். சக்கர நாற்காலியில்தான் எல்லாம். புதிதாகக் கேட்பவர்களுக்கு அவள் பேசுவது ஒன்றும் புரியாது. மற்றபடி எங்கள் வீட்டில் இருக்கும் மொத்த புத்தியில் முக்கால்வாசி அவளிடம் இருக்கிறது. மீதியை நானும் அவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவர் பங்கு கொஞ்சம் குறைவு.

டாக்சி கம்பெனியில் அவளை டைப் அடிக்கத்தான் எடுத்தார்கள். ஒருநாள் வயர்லெஸ் ஆள் வரவில்லை, இவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உடனே ஒரு சட்டம் போட்டாள்: நான் சொன்னதை நீ அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், நான் “சரி” என்ற பிறகுதான் வண்டி நகரவேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி வண்டி ஒன்றுகூடத் தப்பான வாசலில் போய் நின்றதில்லை. பழக்கம் முற்றிப்போய், வீட்டில் பெண்டாட்டி “பால் வாங்கிட்டு வாங்க” என்றால்கூட “பால் வாங்கிட்டு வரணும்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு, உத்தரவுக்காக நிற்கிறார்களாம். டிரைவர்களின் மனைவிமார் என் நாத்தனாரைப் பற்றி மிக உயர்வாகப் பேசுகிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வெல்டிங் பட்டறை. தங்கை மேல் உள்ள பிரியத்தையெல்லாம் அவர் இரும்பில்தான் காட்டுவார். எங்கள் வீட்டில் கைப்பிடி இல்லாத இடம் கூரை மட்டும்தான். குளியலறையில் கம்பி, வாசலில் சரிவுப்பாதை, ஜன்னலோரத்தில் கம்பி, அடுப்பங்கரையில் எதற்கென்றே தெரியாத இன்னொரு கம்பி. வரும் விருந்தாளிகள் பேருந்தில் நிற்பது போல எதையாவது பிடித்துக்கொண்டே பேசுவார்கள். அவளைக் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது நான். தூக்குவது, இறக்குவது, வேலைக்குக் கொண்டுபோய் விடுவது அவர். அவளிடம் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வதும் அவர்.

இப்படி இருக்கும்போதுதான் மாநில சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. உடல் ஊனமுற்றவர்கள் விரும்பினால் தனி வீட்டில் வாழலாம், தினமும் வந்து உதவி செய்துவிட்டுப் போக ஒரு ஆளை அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைக்கும். செய்தியைப் படித்த அன்று பாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டாக்சி ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீடு காலியாக இருப்பதை அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் மசோதாவில் ஒரு பிரிவு. தனியாகப் போக விரும்புகிறவரின் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் யார்? என் வீட்டுக்காரர்.

“தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்” என்றார். “ராத்திரி கீழ விழுந்தா யாரு தூக்கறது? நான் பாப்பாவைத் தெருவுல விட்டுட்டேன்னு ஊர் பேசணுமா?”

“ஊர்ல யாரு பேசினாங்க? எனக்கு ரெண்டு பேரைக் காட்டுங்க” என்றேன் நான்.

காட்டவில்லை. பட்டறைக்குப் போய் யாரும் கேட்காத ஒரு கேட்டைச் செய்து முடித்தார்.

மசோதாவை ஆராய ஒரு குழு போட்டிருந்தார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றதும், பாப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி அனுப்பினாள். குழுவிடமிருந்து நேரில் வந்து சொல்லும்படி அழைப்பு வந்தது. பேச்சில் சிரமம் இருப்பவர்கள் தங்களுடன் ஒருவரை அழைத்து வரலாம், அவர் எடுத்துச் சொல்லலாம் என்றும் இருந்தது.

“எழுதினதையே படிக்கச் சொல்லிடேன், எதுக்கு அவ்வளவு தூரம் போய்க் கஷ்டப்படணும்?” என்று கேட்டேன்.

“படிச்சா தலையாட்டிட்டு அடுத்த தாளுக்குப் போயிடுவாங்க அண்ணி. நான் பேசினா, முடிக்கற வரைக்கும் காத்திருந்துதானே ஆகணும்?” என்றாள்.

எடுத்துச் சொல்ல யாரைக் கூட்டிப்போவது? அவள் பேச்சு புரிந்த டிரைவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவள் அண்ணனைத்தான் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த மனிதர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாரோ, அவர் வாயிலேயே தன் பேச்சைக் கொண்டுபோய் வைக்கிறாளே! அவருக்கோ வாயெல்லாம் பல். “பார்த்தியா, நான் இல்லாம முடியுமா?” என்றார் என்னிடம்.

டிரைவர்களும் சும்மா இருக்கவில்லை. சக்கர நாற்காலி ஏறும் வண்டியை ஓட்டியவன் பெயர் ஹாரன். ஹாரனைப் போலவே அவனுக்குத் தொண்டை. துணைக்கு இன்னொரு வண்டியில் ஷார்ட்கட் என்பவனும் வேறு ஒருவனும். எல்லாவற்றுக்கும் குறுக்கு வழி தெரியும் என்று சொல்லி எப்போதும் கடைசியாக வந்து சேர்கிறவன் ஷார்ட்கட். அன்றைக்கும் அப்படியே வந்தான்.

சட்டசபைக் கட்டிடத்தில் குழு உட்கார்ந்திருந்த அறையில் நீளமான மேசை, மைக்குகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவர் ஒரு அம்மாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். பாப்பாவும் அண்ணனும் முன்னால். நானும் டிரைவர்களும் பார்வையாளர் வரிசையில் பின்னால். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

“நீங்க ஏம்மா தனியா இருக்கணும்னு நினைக்கறீங்க? வீட்ல ஏதாவது கஷ்டமா?” என்று தலைவர் அம்மாள் அன்பாகத்தான் கேட்டார்.

பாப்பா மைக்கில் பேச ஆரம்பித்தாள். மெதுவாக, இழுத்து இழுத்து. உறுப்பினர்கள் புரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். அவள் முடித்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து, “வீட்ல ஒரு கஷ்டமும் இல்லைன்னு சொல்றா மேடம்” என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

வயர்லெஸ்ஸோ சட்டசபையோ, மைக் வழியாக அந்தக் குரல் வந்தால் டிரைவர்களுக்கு ஒன்றுதான். ஹாரன் எழுந்து முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்து, முழுத் தொண்டையில் திருப்பிச் சொன்னான்: “வீட்ல ஒரு கஷ்டமும் இல்ல, அதான் கஷ்டம்! ஒரு டம்ளர் நான் உடைக்கறதுக்குள்ள ரெண்டு பேர் பிடிச்சுடறாங்க!”

“சரி” என்றாள் பாப்பா, பழக்க தோஷத்தில்.

என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். தலைவர் அம்மாள், “யாருப்பா நீங்க?” என்றார்.

“கன்ட்ரோலோட வண்டிங்க மேடம்.”

எச்சரித்து உட்கார வைத்தார்கள். பாப்பா அடுத்ததைச் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, “அந்தக் கையெழுத்துப் பிரிவைக் கொஞ்சம் பரிசீலனை பண்ணலாம்னு...” என்று இழுத்தார்.

இந்தத் தடவை மூன்று பேரும். “அந்தப் பிரிவை எடுத்துடுங்க! என் அண்ணன் போட மாட்டார்! எத்தனை தடவை கேட்டாலும் போட மாட்டார்!”

காவலர் வந்து மூவரையும் வெளியே அனுப்பினார். ஷார்ட்கட் வேறொரு கதவு வழியாகப் போய் நாற்காலிகள் அடுக்கிய அறையில் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரியான கதவு வழியாகப் போனான். ஒரு உறுப்பினர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

இப்போது அந்த அறையில் பாப்பாவின் பேச்சு புரிகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், வாயைத் திறக்கக்கூடாது. இன்னொன்று அவர்.

பாப்பா மைக்கை நகர்த்திக்கொண்டு நிறையப் பேசினாள். இதுவரை எங்களிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள். இதை அவர் மென்று விழுங்கிவிட்டால் எழுந்து கத்திவிடுவது, அவர்கள் என்னையும் வெளியே தள்ளினால் தள்ளட்டும் என்று கழற்றியிருந்த செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அவர் எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அங்கே கம்பி இல்லை.

“என் அண்ணனுக்கு என்னைவிட ரொம்ப வயசு ஜாஸ்தி” என்று ஆரம்பித்தார். வீட்டில் நீ, வா, போ என்று பேசுகிறவள் அன்று ‘அவர்’ என்றுதான் சொன்னாள், அவரும் அப்படியே சொன்னார். “எனக்கு முன்னாடி அவர் போயிடுவார். அதுவரைக்கும் நான் தனியா இருந்து பழகலைன்னா, அன்னிக்கு என்னை ஏதாவது விடுதியில கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. அங்க யாரும் என்னைக் கன்ட்ரோல்னு கூப்பிட மாட்டாங்க. அதனால அவர் இருக்கும்போதே நான் தனியா இருந்து பாக்கணும். விழுந்தா ஓடி வர ஒரு ஆள் இருக்கும்போதே விழுந்து பாக்கணும்.”

நிறுத்தினார். எனக்குத் தெரியும், கடைசிப் பகுதி பாக்கி இருந்தது. அதை விட்டுவிட்டால் அங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. விடுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

“அவர்கிட்ட கையெழுத்துக் கேக்காதீங்க” என்றார். “அவரால முடியாது. நான் பிறந்ததுலேருந்து என்னைக் கீழ விடக்கூடாதுன்னுதான் அவருக்குச் சொல்லி வளர்த்தாங்க. அந்தக் கையாலேயே என்னை விடச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டா அது அவருக்குச் செய்யற பாவம். என் கையெழுத்து போதும்னு வையுங்க. அவரைக் காப்பாத்துங்க.”

தலைவர் அம்மாள் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் தேடவில்லை. பிறகு, “அண்ணனா நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

“நான் வேற சொல்வேன் மேடம். ஆனா இன்னிக்கு அவ முறை.”

அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு உறுப்பினர் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அவகிட்ட குடுங்க சார். பேசினது அவதான்.”

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரை எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்காக எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனம் மாறிவிட்டது, அது வேறு விஷயம்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அவர்தான் கேட்டார். “ஹாரனையே பேச வச்சிருக்கலாமே. என்னை எதுக்குக் கூப்பிட்ட?”

“அவன் சொல்லியிருந்தா அவங்க கேட்டிருப்பாங்க. நீ கேட்டிருக்க மாட்டே” என்றாள் பாப்பா.

சில மாதம் கழித்து மசோதா நிறைவேறியது. உதவி ஆளுக்கான நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு இன்னொரு சண்டை போட வேண்டும் என்று பாப்பா இப்போதே விரலைத் தயார்செய்து வருகிறாள். ஆனால் கையெழுத்துப் பிரிவு போய்விட்டது; தனியாகப் போகிறவரின் கையெழுத்தே போதும். அந்தக் கீழ்த்தள வீட்டுக்குப் போனாள். எங்கெங்கே கம்பி வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள், கோட்டில் மட்டும்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பு. என் வீட்டுக்காரர் அவளுக்குத் தெரியாமல் கூடுதலாக ஒன்று வைத்துவிட்டு வந்தார். அதில் அவள் ஈரத்துண்டு காயப்போடுகிறாள். எனக்குக் காலையில் குளியலறையில் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. முதுகு வலி போய்விட்டது, அவளோடு அடிக்கும் அரட்டையும் போய்விட்டது. முதுகு வலி போனதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அவள் குடிபோன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக அவர் கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“தூங்கறாளாம். அப்புறம் வான்னு உள்ள இருந்தே சொல்லிட்டா.” செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். “அவளுக்குக் காலையில எழுந்திருக்கவே பிடிக்காதாம். நான் பட்டறைக்குப் போகணுமேன்னு சின்ன வயசுலேருந்து இருட்டோட எழுப்பி உட்கார வச்சேனே, ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னாளா?”

“நீங்க ஒருநாள் கேட்டீங்களா?” என்றேன்.

அன்று முழுக்கப் பட்டறைப் பக்கமே போகவில்லை.

அடுத்த ஞாயிறு வெயில் ஏறிய பிறகு, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மணியடித்துவிட்டு வெளியே நின்றாராம். அவளே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து திறக்கிற வரைக்கும் நின்றாராம். உள்ளே போனதும் அவள், “உட்காருண்ணா, காபி குடிக்கிறியா?” என்று கேட்டாளாம். பாதி தரையில் கொட்டி, மீதியைக் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல், முகம் கழுவப் போய்விட்டார்.