சூடாமணி மன்னியும் முப்ளி வண்டும்

என் மன்னி சூடாமணியைப் போல ஒரு சுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அவள் அடுக்களைக்குள் எறும்புகூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் வரும் என்று என் அண்ணா நீலகண்டன் கேலி செய்வார். சர்க்கரை டப்பா தண்ணீர்த் தட்டில் நிற்கும். பருப்புக்குள் வசம்பு கிடக்கும். அலமாரி மூலைகளில் பாச்சை உருண்டை. ஒரு கரப்பான் கண்ணில் பட்டுவிட்டால் அன்று மத்தியானம் மொத்த அடுக்களையும் முற்றத்துக்கு வந்துவிடும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். மனுஷர்கள் புழங்குகிற வீட்டில் நாலு பூச்சி இருக்காதா என்ன?

அண்ணாவோ பெரிய வாயாடி. ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கர். பகலெல்லாம் போனில் மிளகு, சுக்கு, மல்லி என்று கத்திவிட்டு, மிச்சமிருக்கும் பேச்சை ராத்திரி எங்களிடம் கொண்டுவந்து கொட்டுவார். அந்த வாயைத்தான் பகவான் முதலில் எடுத்துக்கொண்டான். போன ஆவணியில் கடையிலேயே சாய்ந்துவிட்டார். உயிர் பிழைத்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது இடது கை ஒன்றுதான்.

அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு அவரும் மன்னியும் ஒரு பாஷையே உண்டாக்கிவிட்டார்கள். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் மூத்திரம். உள்ளங்கையை விரித்தால் 'போதும், வேண்டாம்' என்று அர்த்தம். கஞ்சியில் உப்பு குறைந்தால் சுட்டுவிரலை ஆட்டி மன்னியைப் பழிப்புக் காட்டுவார். அவள் சிரித்துவிட்டு உப்பை எடுக்கப் போவாள்.

"இந்தக் கை ஆடற வரைக்கும் உங்கண்ணா ஆத்துல இருக்கார் பார்வதி. இதுவும் நின்னுடுத்துன்னா, அப்புறம் வெறும் உடம்பைத்தான் நான் பார்த்துண்டிருக்கணும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி நீவிவிட்டாள்.

ஸ்ரீவராகத்து வீடு படுத்த மனுஷனுக்கு லாயக்கில்லை. வாசலில் ஆறு படி, கக்கூஸ் கொல்லைக் கோடியில். அண்ணாவின் பிள்ளை மஹேஷுக்கு வேலை கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில். அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் கட்டியிருந்த புது ஃபிளாட் ஒன்றைப் பிடித்தான். லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி நேராகக் குளியலறைவரை போகும். தை மாதம் பால் காய்ச்சினோம். பால்கனியில் நின்று பார்த்தால் இலையுதிர்ந்த ரப்பர் மரங்கள்தான், காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. மன்னி தரையைத் தடவிப் பார்த்து, ஒரு பொந்து கிடையாது, ஒரு விரிசல் கிடையாது, இந்த வீட்டில் ஒரு பூச்சி உங்கள்மேல் ஊர விடமாட்டேன் என்று அண்ணாவிடம் சொன்னாள். அவர் கம்பியில் தாளம் போட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

பங்குனிக் கடைசியில் முதல் கோடை மழை பெய்தது. அன்று சாயங்காலம் வந்தது அந்தச் சனியன்.

மலையாளத்தில் முப்ளி வண்டு என்பார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், கறுப்பு. ரப்பர்ச் சருகுக்கடியில் வளர்ந்து, மழை விழுந்ததும் வெளிச்சத்தைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வீடுகளுக்குள் வந்துவிடும். கடிக்காது. ஆனால் நசுக்கினால் ஒரு நாற்றம், அந்த நீர் பட்ட இடமெல்லாம் வெந்துபோகும். சுவர், மேற்கூரை, திரைச்சீலை, தலையணை உறை என்று எங்கேயும் அப்பிக்கொள்ளும். ஃபிளாட் விற்றவன் இதை வாயே திறக்கவில்லை. அவன் ஏன் திறக்கப்போகிறான்?

எதிர்வீட்டு ரெம்யா நல்ல பெண். சந்தி நேரத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தால் வண்டு வேறு வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விடும், கட்டிடம் முழுக்க அப்படித்தான் செய்யப்போகிறோம் என்று வந்து சொன்னாள். மஹேஷும் கெஞ்சினான். "ஒரு மணிக்கூர் லைட்டை ஆஃப் பண்ணினா என்னம்மா? எல்லாரும் செய்யறா இல்லே?"

மன்னி அசையவில்லை. "தீனமா ஒருத்தர் கெடக்கற ஆத்துல, விளக்கு வைக்கற நேரத்துல இருட்டடிக்கறதா? எமனுக்கு வழி காட்டறாப்பல ஆக்கும் அது" என்றாள்.

அதற்கு மேல் அவளிடம் பேச யாரால் முடியும்? சுவாமி விளக்கு எரிந்தது, அண்ணா அறையில் டியூப்லைட் எரிந்தது. மற்ற எல்லா வீடும் இருண்டுகிடக்க, மூன்றாம் மாடியில் இவள் வீடு மட்டும் பளிச்சென்று நின்றது. அத்தனை வண்டும் இங்கேதான் வந்தது. மன்னி விடுவாளா? சோப்புத் தண்ணீர் வாளியும் துடைப்பமுமாகச் சுவர் சுவராகப் பெருக்கினாள். விரல் இடுக்கெல்லாம் கொப்பளம். அண்ணா கட்டிலுக்குக் கொசுவலை கட்டி நாலு பக்கமும் செருகினாள். கஞ்சி கொடுக்க வலையைத் தூக்காமல் முடியாது, தூக்கினபோது நாலு வண்டு உள்ளே விழாமலும் இருக்காது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள்.

அப்புறம்தான் அண்ணா அவளை அடிக்க ஆரம்பித்தார்.

ஸ்பூனோடு குனிந்தால் போதும், அந்த இடது கை எழும்பி வந்து அவள் காதைப் பிடித்துத் திருகும். சில சமயம் காதோடு சேர்த்து ஓர் அறை. மற்ற நேரங்களில் தன் வலது கன்னத்தையே ரத்தம் வரப் பிறாண்டிக்கொண்டார், கம்பியைப் போட்டு உடைத்தார். தண்ணீரா? உள்ளங்கையை விரிப்பார். மூத்திரமா? விரிப்பார். பசிக்கிறதா, உடம்பைத் திருப்பணுமா? விரிப்பார். பிறகு மறுபடி அவள் காதுக்குப் பாய்வார்.

மன்னி போனில் என்னிடம் அழுதாள். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடக் கை நீட்டாத மனுஷன், என்ன சொல்கிறார் என்று ஒன்றும் பிடிகிட்டவில்லை என்றாள். உங்கண்ணாவுக்கு இனிமேல் நான் யாரோதான் போலிருக்கிறது என்றும் சொன்னாள்.

மஹேஷ் டாக்டரிடம் பேசினான். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படி மூர்க்கம் வருவது உண்டு என்று சொல்லி, அடங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதினார். முகத்தைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்க, கையை மெதுவாகக் கட்டி வைக்கலாம் என்றார். அண்ணாவின் பழைய மல் வேஷ்டியைக் கிழித்து, நான்காக மடித்து, வலிக்காதபடி மன்னியே கட்டினாள். எண்ணெய் தடவி நீவின அதே கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். அண்ணா அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இரண்டு நாளில் மாத்திரை அந்தப் பார்வையையும் மங்க வைத்துவிட்டது. வீடு அமைதியாயிற்று. அப்பாடா என்று எல்லாரும் தூங்கினார்கள்.

விஷு கழிந்து ஒரு சாயங்காலம், மன்னி வழக்கம்போல மேற்கூரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தலைமேல் சொரிந்ததில் ஒன்று அவள் காதுக்குள் போய்விட்டது. அது உள்ளே திரும்ப வழியில்லாமல் காலை உதைக்கிற சத்தம் மண்டை முழுக்க இடித்தது என்று பிறகு சொன்னாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் காதைத் திருகினாள். காதோடு சேர்த்து அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மூன்றாவது அறைக்குத் தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது.

மருமகள் ஸ்மிதா ஓடிவந்து எண்ணெய் விடப் போனாள். மன்னி அவளைத் தள்ளிவிட்டு அண்ணாவிடம் ஓடினாள். கொசுவலையைப் பிய்த்துப் போட்டு, டார்ச்சைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். மஹேஷ் அவருடைய வலது காதில் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். உள்ளே காய்ந்த ரத்தம், சீழ், அதற்கும் பின்னால் கறுப்பாக ஏதோ. தன் காதில் வண்டு உதைத்துக்கொண்டிருக்க, மன்னி கட்டின முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகிப்போயிருந்தது, அவிழவில்லை. ஸ்மிதாதான் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் காதிலிருந்தும் எடுத்தார்கள். மன்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணாவுக்கு ஜவ்வு கிழிந்து அந்தக் காது போய்விட்டது.

இப்போது அந்த வீட்டில் சந்தி நேரம் வந்தால் எல்லா விளக்கையும் மன்னியே அணைத்துவிடுகிறாள், சுவாமி விளக்கு உட்பட. வண்டும் அவ்வளவாக வருவதில்லை.

போன வாரம் நான் போனேன். எல்லாரையும் கரித்துக் கொட்டுவதற்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றவனைக் கவனிக்கத் தெரியாத பிள்ளை, காதைப் பார்க்காத டாக்டர், விளக்கு விளக்கு என்று பிடிவாதம் பிடித்தவள் என்று பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன்.

கதவைத் திறந்த ஸ்மிதா, மாமாவின் கையில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். மாத்திரையை நிறுத்தி நாளாயிற்றாம். ஆனாலும் கைக்கட்டை வெட்டியதிலிருந்து மாமா கம்பியைத் தட்டவில்லை, உள்ளங்கையை விரிக்கவில்லை. தண்ணீரோ கஞ்சியோ எல்லாம் அத்தை நேரம் பார்த்துக் கொடுப்பதுதான். சொல்லிவிட்டு, விளக்கு போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஜன்னலில் மிஞ்சியிருந்த வெளிச்சத்தில் மன்னி கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. குனிந்து, தலையைச் சாய்த்து, தன் காதை அண்ணாவின் இடது உள்ளங்கையில் வைத்திருந்தாள். கையிலிருந்த பையைக் கதவோரம் வைத்தேன்.

"பார்வதியா? இங்க வா" என்றாள். தலையைத் தூக்கவில்லை. "நான் சொல்லிப் பார்த்துட்டேன், கேட்கலை. நீ தங்கை, நீ சொன்னாக் கேப்பார். என்னை ஒரு அடி அடிக்கச் சொல்லு. ஒண்ணே ஒண்ணு போதும்."

அண்ணாவுக்குக் கேட்கிற இடது காதுப் பக்கமாக நான் போய் நின்று, "அண்ணா, மன்னியை ஒரு அடி அடிங்கோளேன்" என்றேன்.

அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார். மன்னியின் தலையைப் பார்த்தார். கை அப்படியே கிடந்தது.

வெளியே கண்ணாடியில் வண்டுகள் பொத்துப் பொத்தென்று வந்து முட்டின. மன்னி காதை எடுக்கவில்லை. நான் முந்தானையால் அவளுடைய மற்றக் காதை மூடிவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.